மூன்றாம் ஆட்டத்துக்குப் பிறகு, ஐஸ் கணக்கு நோட்டில்

மூன்று ஆட்டம் முடிந்தது.
அடித்தது ஒன்று, வாங்கியது ஏழு.
அந்த ஒன்றும் பொழியூர்க்காரன்
தன் வலையிலேயே தலையால் முட்டிக் கொடுத்தது.

கடைசி விசிலுக்கே
கோச் பெல்லார்மின் அண்ணன் பைக்கை எடுத்துவிட்டார்.
"பிரிஜிட்டே, நீ ஓட்டத்தை மட்டும் எழுது" என்றார்,
"கோலை எல்லாவனும் எழுதுவான்."

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
எத்தனை பார், எந்தப் படகு, எவ்வளவு கரைந்தது.
உருகுவதை எண்ணித்தான் எனக்குப் பழக்கம்.

எண்ணினேன்.
முதல் ஆட்டத்தில் பந்தோடு ஓடியது பத்தொன்பது,
எல்லைக்கோடு தாண்டி வெளியே போனது பதினாறு.
ஊரம்பு செம்மண்ணில் இருபத்திரண்டு,
வெளியே இருபது.
மூன்றாவதில் மழை. தாள் நனைந்து
ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.
எப்படிப் பார்த்தாலும் உள்ளே வந்தது ஒன்று.
அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் காரணத்துக்குப் பஞ்சமில்லை:
ஷிஜின் நாற்பது நாள் சுறாவுக்குப் போய்
போன வாரந்தான் கரை பிடித்தான்,
காலில் இன்னும் படகு ஆடுகிறது.
ரோக்கியின் புது பூட்ஸ் கடிக்கிறது.
ஜெர்சியில் மஞ்சள் சேர்த்திருக்கக் கூடாது.

ஷிஜின் விஷயம் பாதி சரி.
நிற்கும்போதுதான் ஆடுகிறான்.
ஓடினால் அவனைப் பிடிக்க ஆளில்லை.
எதிராளி பிடிக்கவும் முயலவில்லை,
கூடவே வந்து கோட்டுப் பக்கம் வழிகாட்டிவிட்டுத்
திரும்பிப் போகிறான்,
கல்யாண வீட்டில் கைகழுவும் இடம் காட்டுகிறவன் மாதிரி.

வேகத்தில் குறையில்லை. மூச்சிலும் இல்லை.

ஞாயிறு இரவு கரண்ட் போனது.
மோட்டார் நின்ற அமைதியில்
மெழுகுவத்தி வைத்து
நோட்டின் பின்பக்கம் மைதானம் வரைந்தேன்.
ஒவ்வொரு ஓட்டமும் ஒரு பென்சில் கோடு.
ஷிஜினுக்கு ஒன்று, ரோக்கிக்கு ஒன்று,
பதினேழு வயசு அன்சலுக்கு ஒன்று.
இழுக்க இழுக்க
மைதானம் கணக்குத் தாளாகிக்கொண்டே வந்தது.
அத்தனையும் நேர்க்கோடு,
ஒன்றையொன்று தொடாமல்.

இந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
தினமும் வேலைக்கு அதில்தான் நடக்கிறேன்.

பயிற்சி இடம்: கடற்கரை,
என்று விண்ணப்பத்தில் நிரப்பியவள் நான்தான்.
கரை எங்கே இருக்கிறது?
இந்தப் பக்கம் கல் கொட்டி அடுக்கிய சுவர்,
அந்தப் பக்கம் வீட்டு வாசல்கள்,
நடுவில் ஆட்டோ வந்தால் நாம் ஒதுங்கும் சந்து.
ஆறு வருஷமாகக் காலை ஐந்தரைக்கு
அதில் போவார்கள், அதில் வருவார்கள்.
இடம் வெட்டினால் கல்.
வலம் வெட்டினால் யாரோ ஒருத்தியின் மீன் சருவம்.
அன்சல் பந்து பழகும் முன்பே மணல் போயாயிற்று.
குறுக்கே ஓடலாம் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை.
காட்டுவதற்குக் குறுக்கே என்று ஒன்று இல்லை.

எல்லை தாண்டினால் பூவாறு.
அங்கே பையன்களுக்கு இன்னும் மணல் இருக்கிறது.
எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதி, அடித்துவிட்டேன்.

இப்போது அந்த ஒன்று.
எழுபத்தோராம் நிமிடம், நல்ல மழை.
வழக்கம்போல் கோட்டோரம் வருகிறான் அன்சல்.
மூலைக்கொடி அடியில் கிடந்த சாம்பல் நாய்
எழுந்து, உதறி, கோட்டின் மேலேயே நிற்கிறது.
மிதித்துவிடுவோம் என்று பயந்து
பையன் சடக்கென்று உள்ளே வெட்டினான்.
தடுக்க வந்த இருவரும் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள்.
ஐஸ் அறைக் கதவு திறப்பதுபோல்
கோலுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு வழி திறந்தது.

அவன் நின்றுவிட்டான்.
அவ்வளவு இடத்தை அவன் பார்த்ததில்லை.
பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.
கூட்டம் நாயைத் திட்டியது.

பெல்லார்மின் அண்ணனுக்கு:
இன்னும் ஒன்பது ஆட்டம் இருக்கிறது.
ஆளை மாற்ற வேண்டாம்.
ரோக்கிக்குப் பழைய பூட்ஸ் போதும்.
கொல்லங்கோடு பள்ளி மைதானம்
வெள்ளி சாயந்திரம் சும்மா கிடக்கிறது,
தலைமையாசிரியருக்கு நெய்மீன் பிடிக்கும்.
பந்து இல்லாமல் மூலைக்கு மூலை ஓட விடுங்கள்.

நாய் யாருடையது என்று
விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.