பன்னிரண்டுக்கு ஒன்று

கொருக்குப்பேட்டை வார்டு ஆபீசுக்கு மூன்று படி.
மொத்தம் ஒன்றரை அடி உயரம்.
ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி ஓட வேண்டும், விதி.
ஆக, பதினெட்டு அடிச் சாய்தளம்.
பதினோராவது அடியில் நிற்கிறது
தூங்குமூஞ்சி மரம்.

வரைபடத்தில் அதை ஒரு வட்டமாகப் போட்டேன்.
பக்கத்தில் 'அகற்றப்படும்' என்று எழுதினால்
என் வேலை முடிந்தது.
ஆட்சேபணை உள்ளவர்கள் மாடிக்கு வந்து
மரக் குழுவிடம் நேரில் தரலாம் என்ற நோட்டீசை
அந்த மரத்திலேயே ஆணியடித்து மாட்டினோம்.

ஜெசிந்தா வந்தாள்.
மூன்று சக்கர வண்டியை நிழலில் நிறுத்தி
கீழிருந்தே குரல் கொடுத்தாள்:
"சார், ஆட்சேபணை. எறங்கி வந்து வாங்கிக்க."

போனேன்.
உனக்காகத்தானேம்மா சாய்தளமே, என்றேன்.
"அதான் சொல்றேன், எம்பேரச் சொல்லி வெட்டாத.
மூணு வருசமா உங்காளுங்க கீழ வர்ற வரிக்கும்
நான் காத்துக் கெடக்குறது இது அடியிலதான்.
வளைச்சிக் கட்டேன். இன்னா இப்ப?"

வளைத்தால்,
திரும்பும் இடத்தில் ஐந்துக்கு ஐந்து சமதளம் வேண்டும்.
டேப்பின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள்.
சமதளம் போய் விழுந்தது
நாங்கள் பைக் நிறுத்தும் கொட்டகையில்.
என் பைக்கும் அங்கேதான்.

திருத்திய வரைபடம் மாடிக்குப் போயிருக்கிறது.
மரத்துக்காக வந்தது ஒரே ஒரு ஆட்சேபணை.
கொட்டகைக்காக ஏழு.
ஏழு பேரும் மாடிக்காரர்கள்.

எட்டாவதை எழுதி
பையில் வைத்திருக்கிறேன், கொடுக்கவில்லை.
ஐந்தே முக்காலுக்கு ஆபீசைப் பூட்டும்போது
மரமும் இலைகளை மூடுகிறது.
பிரேக்கைப் போட்டுவிட்டு அவள்
அடியிலேயே இருக்கிறாள்.