பாதிப் பொடி

முனிச்சாலை மாடியில் மணி பதினொன்றே கால்.
போய் வந்த கரண்டில் ஃபிரிட்ஜ்
தொண்டையைச் செருமிக்கொள்கிறது.
ஏழாம் மாதத்து வயிறு முன்னே நடக்கிறது,
கைதியைக் கூட்டிப்போகும் ஏட்டய்யா மாதிரி
என்னை அடுப்படிக்கு இட்டுச் செல்கிறது.

நகோயாவிலிருந்து துளசிராம் அனுப்பிய பெட்டியில்
பனியனுக்கும் பிள்ளைக்கான காலுறைக்கும் நடுவே
பன்னிரண்டு ராமென் பொட்டலங்கள்.
மிச்சம் பதினொன்று.
போன வியாழன் ஒன்றை யாருக்கும் தெரியாமல்
கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.
வெள்ளிக்கிழமை
சோப்புப் போட்டும் மெட்டி கழலவில்லை.

பொட்டலத்தின் முதுகில் எறும்பாய் ஊரும் எழுத்துக்கு
போன் கேமராவைக் காட்டினேன்.
அது தட்டுத்தடுமாறித் தமிழ் பேசியது:
"உப்புக்குச் சமமான தொகை ஐந்து புள்ளி எட்டு கிராம்.
சூப்புடன் மகிழ்ச்சியாக இருங்கள்."

ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து.
அந்தக் கிண்ணத்தில்
என் இன்றைய நாள் முழுதும் மூழ்கி
நாளைக் காலைச் சட்னியும் கொஞ்சம் மூழ்கும்.

சிஸ்டர் ஜெபக்கனி கைப்பட்டையை இறுக்கி, தளர்த்தி,
மறுபடி இறுக்கினார்.
"நூத்தி முப்பத்தெட்டுக்கு எம்பத்தாறு. என்னம்மா தின்னே?"
"ஜப்பான் சேமியா."
அவர் சிரிக்கவில்லை.
"திங்காதன்னு சொல்லல. ஆசைப்பட்டா எப்பவாச்சும் தின்னு.
பொடியில பாதியப் போடு, மீதியக் குப்பையில கொட்டு,
எடுத்து வைக்காத, எடுத்து வச்சா கை போகும்.
தண்ணியக் குடிக்காத.
முட்டைய மஞ்சக்கரு கெட்டியாகுற வரை வேக விடு,
படத்துல காட்டுற மாதிரி கொழகொழன்னு வேணாம்.
அன்னிக்கு ஊறுகாய், அப்பளம், கருவாட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காத.
தலை வலிச்சு விடாம இருந்தா, கண்ணு மங்குனா,
மொகம் உப்புனா
விடியட்டும்னு உக்காந்திருக்காத. ராத்திரியே வா."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றவன்
ஒருநாளும் கர்ப்பமாக இருந்ததில்லை.

தட்டில் பொடியைக் கொட்டி
தெப்பக்குளம் பஸ்ஸில் தந்த டிக்கெட்டின் ஓரத்தால்
நடுவே ஒரு கோடு இழுத்தேன்.
கட்டணம் பூஜ்யம் என்று அச்சடித்த டிக்கெட்.
போட்ட பாதிக்குத் துணையாய்
நாலு பல் பூண்டு, தட்டிய மிளகு,
கீழ்வீட்டு செண்பகவல்லி மதியம் தந்த
முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி.
இறக்கிய பின் அரை எலுமிச்சை.

முட்டைக்குப் பன்னிரண்டு நிமிஷம்.
அதற்குள் அவன் வீடியோவில் வந்துவிட்டான்.
அங்கே மூன்று மணி, ஷிஃப்டின் நடுவே இடைவேளை.
"உறிஞ்சு. சத்தமா உறிஞ்சு. இங்க அதான் மரியாதை."
உறிஞ்சினேன்.
கீழ்வீட்டு நாய் ஒருமுறை குரைத்தது.
உள்ளே ஒரு முட்டி
விலாவுக்குக் கீழே இடித்துவிட்டு நகர்ந்தது.
கீரைக்கா, மிளகுக்கா, அப்பன் குரலுக்கா,
சொல்லத் தெரியவில்லை.

"சூப்புதான்டி உசிரு, அத விட்றாத" என்றான்.
போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.
பழுப்பு நிறச் சூப்பு, எண்ணெய்க் கண்களோடு,
சுழன்று சுழன்று
மதுரைச் சாக்கடைக்குள் இறங்கியது.
கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
பிறகு, "கால் எப்படி இருக்கு? காட்டு."
காட்டினேன்.
கட்டைவிரலால் அழுத்திய குழி
மெதுவாய், வேண்டாவெறுப்பாய் மேலே வந்தது.
"நாளைக்கே போயி பிரஷர் பாரு" என்றான்.
"நாளைக்கு முறைதான்" என்றேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பாதி உப்புக்கு எவ்வளவு நினைக்கவேண்டும் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.
போனை வைத்த பிறகும்
வெகுநேரம் முழுசாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீதிப் பொடியை டிக்கெட்டோடு சுருட்டி
குப்பைக்கூடையில் போட்டேன்.
சத்தியமாகப் போட்டேன்.
ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டியிருந்தது மட்டும்,
சிஸ்டர்,
அது கணக்கில் வராது.