கீழே கேட்கும் மணி

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு மேலே
இரண்டாவது வளைவில் இருக்கிறது எங்கள் அருங்காட்சியகம்.
வாசல் கல்லில் 'கிளென்மோர்' என்றிருக்கும்.
மினிபஸ் நடத்துனருக்கு அது 'மணி பங்களா.'
பெரியவர்களுக்கு இருபது ரூபாய்.
செவ்வாய் விடுமுறை.
புல்வெளியில் காட்டெருமை நின்றாலும் விடுமுறை.

போன மாதம் பழைய தபால் உறைகளின் கண்காட்சி.
வந்தவர்கள் பதினேழு பேர்,
அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
அவர்களும் டிக்கெட் எடுத்தார்கள்.

இந்த மாதம் மணிகள்.
சமையலறை நடையில், சுவரின் உச்சியில்
ஆறு மணிகள் வரிசையாக,
ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண், ஓர் அறையின் பெயர்.
மாடியில் கயிற்றை இழுத்தால்
சுவருக்குள் கம்பி ஓடிக்
கீழே அடிக்கும்.
எண்பது வருடம் ஊமையாய்க் கிடந்ததை
கோயம்புத்தூர் ஆரோக்கியநாதன்
மூன்று வாரம் எலிக்கூடுகளைத் தோண்டியெடுத்துப்
பேச வைத்தார்.

சோதித்துப் பார்த்த அன்று
நான் கீழே விளக்கப் பலகைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன்.
முதல் மணி அடித்ததும்
எழுந்து நின்றுவிட்டேன்.
கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
இரண்டு படி ஏறியும் விட்டேன்.
எம்.ஏ. வரலாறு, முதல் வகுப்பு.
என் வீட்டில் யாரும் எந்தத் துரைக்கும்
தேநீர் கொண்டுபோனதில்லை.
இருந்தும் கால் ஏறியது.
அந்த மணியில் என்னவோ இருக்கிறது,
அல்லது அந்தப் படியில்.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்குச்
செயலாளர் பெள்ளிராஜ் வைத்த பெயர்
'வாங்க, மணி அடிக்கலாம்.'
கேர்பெட்டாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகள்,
ஃபேக்டரியில் இலை வாட்டும் பிரிவிலிருந்து
குல்லா போட்ட ஒன்பது பெண்கள்,
சூரத்திலிருந்து ஒரு புதுத் தம்பதி.
எல்லோருக்கும் மாடிக்குப் போகத்தான் ஆசை.
கீழே நின்று கேட்க ஆளில்லை.
பாதிப் பேரைக் கெஞ்சிச் சமையலறைக்கு அனுப்பினேன்.
பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள்.
'டேய் நாலாம் நம்பர், எனக்கு முட்டை!'
'முட்டையெல்லாம் இல்ல, போடா!'
நூறு வருடத்தில்
இந்த வீடு கேட்காத பதில் அது.

தெய்வக்கனி என்ற பெண்
மாடியில் ஒரு தரம் இழுத்தார்.
நின்றார். மறுபடி இழுத்தார்.
பிறகு படியிறங்கி வந்து 'கேட்டுச்சா?' என்றார்.
கேட்டது என்றேன்.
'மேல ஒண்ணும் கேக்கலியே.'
மேலே கேட்காது. அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.
ஆறு மணிகளையும் அண்ணாந்து பார்த்தார்,
கரி ஏறிய சுவரைப் பார்த்தார்.
'சரி, இங்கேருந்து மேல கூப்பிட
எந்தக் கயிறு?'

விளக்கப் பலகையில் அதற்குப் பதில் இல்லை.
நான்தான் எழுதினேன் அந்தப் பலகையை:
வார்த்த ஊர், உலோகக் கலவை,
கம்பியின் மொத்த நீளம்.

பார்வையாளர் புத்தகத்தில்
இரண்டு கோடு உயரத்துக்கு எழுதிவிட்டுப் போனார்:
'கீழே ஒரு கயிறு வேண்டும்.'
குழுக் கூட்டத்தில் அதை
வசதிக் குறைவு பற்றிய புகார் என்று எடுத்துக்கொண்டு,
பாரம்பரியக் கட்டடத்தில்
புதுக் கம்பி இழுக்க இயலாது
என்று தீர்மானம் போட்டார்கள்.
நானும் கையெழுத்திட்டேன்.
மாதக் கடைசி.

ஞாயிறு மாலை ஜன்னல்களைச் சாத்தப் போவதற்குள்
மஞ்சு முந்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.
புல்வெளியில் எருமை.
அது நகரும்வரை வெளியே போக முடியாது.
சமையலறையில் உட்கார்ந்து
ஃபிளாஸ்க்கைத் திறந்தேன்.
செய்தித்தாளில் பொதிந்த இரண்டு வர்க்கி.

மணி அடித்தது.
நாலாம் நம்பர், படுக்கையறை.
காற்றாயிருக்கும், எலியாயிருக்கும்,
ஆரோக்கியநாதன் கம்பியைச் சரியாகக் கட்டாமல் விட்டிருக்கலாம்.

மறுபடி அடித்தது.

கால் கொஞ்சம் அசைந்தது, பொய் சொல்லவில்லை.
ஊறிய வர்க்கி
டம்ளருக்குள் உடைந்து விழுமுன்
வாயில் போட்டுக்கொண்டேன்.