பதினான்காம் அறையின் நான்காவது கட்டில்

வருகைப்பதிவில் அறுபத்தொரு பெயர் அச்சில்.
என் பெயர் நீலப் பேனாவில்,
ஜைனப் ரிஸ்வானாவுக்கும் கீழே.
இரண்டாம் வருடத்தில் வந்து சேர்ந்தவளுக்கு
அகரவரிசை கிடையாது.

விடுதியிலும் அப்படித்தான்.
முதல் வருடப் பிள்ளைகளோடு கூடத்தில் பாய்.
அவர்கள் என்னை அக்கா என்கிறார்கள்.
பக்கெட் எங்கே வைப்பது என்று
நான் அவர்களைக் கேட்கிறேன்.

மூன்றாம் மாடியில், பதினான்கில், ஒரு கட்டில் காலி.
"உள்ள இருக்கிற மூணு பேரும் சம்மதிச்சா ஏறிக்கோ,"
வார்டன் அவ்வளவுதான் சொன்னார்.
ஞாயிறு டீக்குப் பிறகு
ஆளுக்குப் பத்து நிமிடம் பார்ப்பார்களாம்.

எப்சிபாள், அங்கயற்கண்ணி, பெனாசிர்.
மெஸ்ஸில் மூவருக்கும் ஒரே கிண்ணத்தில் ஊறுகாய்.
ஒருத்தி தொடங்கிய சிரிப்பை
இன்னொருத்தி முடித்துவைக்கிறாள்.
ஆண்டுவிழா நாடகமோ, பேரவைத் தேர்தலோ
அந்த அறையில் முடிவாகித்தான் கீழே இறங்குமாம்.

சனிக்கிழமை விளக்குத்தூண் போனேன்.
முந்நூற்றைம்பது சொன்ன குர்தியை
இருநூற்று அறுபதுக்கு முடித்தேன்.
மஞ்சள் வெளுக்குமா என்று கேட்டதற்கு
"இந்தூரு வெயிலுக்கு எல்லாமே ஒரே கலர்தாம்மா" என்றார் கடைக்காரர்.

என் பெயர் வெயிலுகந்தம்மாள்.
பழைய கல்லூரியில் வெயில் என்று சுருக்கியிருந்தார்கள்.
இங்கே அது
ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.
அம்மாள் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது.

குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை:
பாடத் தெரியுமா? கேட்கத் தெரியும்.
குறட்டை? இல்லை
(சாத்தூரில் இருக்கும் தம்பியிடம் விசாரிக்காதவரை).
ஏன் காலேஜ் மாறினே?
இதற்கு மூன்று பதில் வைத்திருந்தேன்.
அப்பாவுக்கு மதுரைக்கு மாற்றல்.
அப்பா இங்கே இருந்தால் விடுதி எதற்கு என்பாள் பெனாசிர். அடித்தேன்.
இங்கே வரலாற்றுத் துறை பிரமாதம்.
சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது.
மூன்றாவது, உண்மை.
கண்ணாடியிடம்கூடப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்களுக்கும் ஓர் அறை இருந்தது.
நாங்களும் மூன்று பேர்.
காலிக் கட்டில் கேட்டு காந்திமதி வந்தாள்,
மடியில் கைக்குட்டையை நான்காக மடித்து, எட்டாக மடித்து.
எதைக் கேட்டாலும் நல்ல பதிலாகத்தான் சொன்னாள்.
அவள் எழுந்து போனதும்
நான்தான் சொன்னேன்:
"நல்லெண்ணெய் வாடைடி, நமக்குத் தலை வலிக்கும்."
ஒருத்தி தொடங்கினாள், இன்னொருத்தி முடித்தாள்.
கதவு
முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

ஆறு மாதத்தில் அதே சிரிப்பு என் பக்கம் திரும்பியது.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.
மாற்றுச் சான்றிதழில்
நடத்தை: நன்று என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பதினான்காம் அறைக்கென்று அம்மா கட்டிக்கொடுத்த
அரைக்கிலோ காராச்சேவில்
நேற்று இரவு பயத்தில் பாதியைத் தின்றுவிட்டேன்.
மீதியைக் குலுக்கி உப்பலாகக் கட்டினேன்.
முறுக்கிய நூல்
பொய் சொல்வது நன்றாகவே தெரிந்தது.

ஞாயிறு. மாடிப்படிக் கம்பி தொட்டால் சுடுகிறது.
எனக்கு முன்னால் போனவள் வெளியே வந்தாள்.
அதே மஞ்சள், அதே விளக்குத்தூண்.
எவ்வளவுக்கு எடுத்தாள் என்று கேட்கத் தோன்றியது.
பின்னால் ஒரு முதல் வருடப் பிள்ளை,
படிய வாரிய தலை, நெற்றியோரம் மினுமினுப்பு.
"அக்கா, உள்ள என்ன கேப்பாங்க?"

பொட்டலத்தைப் பிரித்து
அவள் உள்ளங்கையில் கொஞ்சம் சேவு கொட்டினேன்.
"என்னத்தையும் கேக்கட்டும். சொல்லு.
வெளிய வரும்போது மட்டும்
கதவை நல்லா இழுத்துச் சாத்திட்டு வந்துரு."

உள்ளேயிருந்து என் பெயரைப் பாதி கூப்பிட்டார்கள்.
விரலெல்லாம் சேவு எண்ணெய்.
புதுக் குர்தியில் துடைக்கவும் மனசில்லை.