ஐஸ் கணக்கு

எங்கள் கடலில் சால்மன் கிடையாது.
நார்வேயிலிருந்து பறந்து
சிப்பாங்கில் இறங்கி,
செம்பனை லோரிகளின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து
ஊத்தான் மெலிந்தாங் வந்து சேரும்.
பெட்டியைத் திறந்தால்
எங்கள் வீட்டில் ஒருவரும் போயிராத ஊரின் குளிர்.

அப்பா ஆலையில் பாய்லர் பார்த்தவர்.
தீயோடு இருபது வருஷம், பிறகு
ஐஸோடு பதினேழு.
"ரெண்டும் ஒண்ணுதான்,
கதவைத் தொறந்து வைக்கக் கூடாது."

லோரியில் 'தில்லைவாணன் அண்ட் சன்ஸ்' என்றிருக்கும்.
சன்ஸ் ஒருவன்தான், ஜொகூரில் பல் டாக்டர்.
மீனைத் தொடுகிற மகள்கள் மூவர்.
எழுத்தை மாற்ற நூற்றெண்பது வெள்ளி கேட்டான் பெயிண்டர்.
அந்தக் காசுக்குக் கத்தி வாங்கினோம்.

சால்மனின் முள் சதைக்குள் படுத்திருக்கும்.
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
இடுக்கியால் ஒவ்வொன்றாக, சாய்வாக, கிழியாமல்.
ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் குசலாம்பாள் அக்காவுக்கு.
உதிரிப் பழம் பொறுக்கிய கை, ஒன்றையும் விடாது
என்று அப்பா புகழ்ந்தால் கோபம் வரும்:
"உதிரிய யாரு பாத்துப் பொறுக்குனா?
கங்காணி வர்றானான்னு பாத்துக்கிட்டே பொறுக்குனது.
இதத்தான் பாத்துச் செய்றேன்."

சீனப் பெருநாளுக்கு ஒன்பது நாள்.
ஈப்போ, தெலுக் இந்தான், கிள்ளான்,
எல்லா ஊர் யீ சாங் மேசைக்கும்
ஒரே வாரத்தில் வேண்டும் பச்சை மீன்.
குளிர் அறையில் எண்ணூறு கிலோ.
அதில் பாதி வங்கியுடையது.

இரவு ஒன்றே கால்.
கம்ப்ரசர் நின்றதில் விழித்துக்கொண்டேன்.
சத்தம் நின்றுபோவதற்கும் ஒரு சத்தம் உண்டு,
தொழில் நடக்கும் வீட்டில் தூங்கியவர்களுக்குத் தெரியும்.

அப்பா குளிர் அறைக் கதவில் முதுகு சாய்த்து நின்றார்.
திறக்கவில்லை, எங்களையும் விடவில்லை.
தங்கை அழைத்த மெக்கானிக் சித்தியவானில் இருந்தான்,
விடிந்துதான் வருவானாம்.
அக்கா ஒன்றும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தாள்.

படகுத்துறைக்கு.

துறைக்காரர்களோடு எங்களுக்கு அதிகப் பேச்சில்லை.
'பெட்டி மீன்காரன்' என்பார் எங்களைக் கூன் ஹுவாட் தவுக்கே,
வலை நனையாமல் மீன் விற்கிறவர்கள் என்று.
விடியலில் புறப்படும் நான்கு படகுகளுக்கு
அவர் அரைத்து வைத்திருந்தது அந்த ஐஸ்.

அக்கா என்ன பேசினாளோ.
சீனத்தில் அவளுக்குத் தெரிந்தது
பள்ளிக்கூடத்தில் கற்ற வசவு மட்டும்.
மூன்று மணிக்குள் லோரி வந்தது.
ஐஸ் மேல் சாக்கு, சாக்கின் மேல்
தவுக்கேயின் மருமகன்,
ஈரக் கால்சட்டையோடு இரண்டு இந்தோனேசியப் படகாட்கள்.

அப்போதுதான் அப்பா கதவைத் திறந்தார்.

வாளி, கூடை, குழந்தை குளிப்பாட்டும் தொட்டி,
குசலாம்பாள் அக்கா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தள்ளுவண்டி.
கை மரத்தது, மரத்தது தெரியவில்லை.
படகாள் ஒருவன் டார்ச் அடித்துச் செந்நிறச் சதையைப் பார்த்தான்.
"சாயம் போட்டதா?"
மலாயில் கேட்டான். சிரிக்க நேரமில்லை.

காலை எட்டரைக்குக் கம்ப்ரசர் இருமி எழுந்தது.
அறுபது கிலோ போனது.
அன்று நான்கு படகுகள் கடலுக்குப் போகவில்லை.

நான் கணக்கெழுதுகிறவள்.
ஐஸ், இரண்டு டன் என்று எழுதினேன்.
விலைக் கட்டம் காலி.
தவுக்கேயிடம் மூன்று முறை போனேன்.
முதலில், ஆள் இல்லை.
பிறகு, கணக்கு மறந்துபோச்சு.
நேற்று, ஈரத் தாளில் சுற்றி
ஏழு கிலோ குராவ் ஒன்றைக் கையில் திணித்தார்.
"இதுல முள்ளெடுப்பீங்களா, பெட்டி மீன்காரி?"

மேசையில் கிடக்கிறது,
மீசை கலையாமல், எங்கள் கடலின் மீன்.
குசலாம்பாள் அக்கா
விரலால் தடவிப் பார்க்கிறார், மறுபடியும் தடவுகிறார்.
"இது வேற மாதிரில்ல இருக்கு."
இடுக்கியை வைத்துவிட்டுக்
கத்தி கேட்கிறார்.