பன்னிரண்டாவது முள்கரண்டி

எங்கள் ஊரில் புத்தாண்டு இரண்டு முறை வரும்.
ஒன்றாம் தேதி ஒன்று,
பழைய பஞ்சாங்கத்துக்குப் பதினான்காம் தேதி இன்னொன்று.
நடுவில் ஏழாம் தேதி கிறிஸ்து பிறப்பார்.
மூன்றுக்கும் சேர்த்து
பதினொரு கிலோ வால்நட் உடைத்தேன்.

இன்று பதினைந்து.
கடன்காரன் கையைப் பிடித்து இழுப்பதுபோல்
உடம்பு என்னை இழுத்து வந்திருக்கிறது,
திபிலீசியின் பழைய குளியல் தெருவுக்கு.

தரையோடு தரையாய்ச் செங்கல் குவிமாடங்கள்,
உச்சித் துளையில் ஆவி.
தெரு முழுக்க அழுகிய முட்டை வாடை.
மூன்றாவது மூச்சில்
மூக்கு அதை மன்னித்துவிடுகிறது.

ஒரு மணி நேரத்துக்கு ஓர் அறை.
தேய்த்துவிடும் சியுரிக்குத் தனிக் காசு.
"முதலில் ஊறு," என்றாள்,
"பயறு மாதிரி. அவசரப்படாதே."

கந்தக நீரில் பாதம் வைத்தேன்.
சுட்டது. எடுத்தேன். மறுபடி வைத்தேன்.
உடம்பு மொத்தமாக ஓய்வதில்லை,
தவணை தவணையாகத்தான்.
பாதங்கள் முதலில் சரணடைந்தன.
பிறகு முழங்கால், முனகிக்கொண்டே.
இடுப்பு, நம்பாமல்.
விரல் நுனிகளில் வால்நட் கறை கறுப்பாக அப்படியே.
தாடைதான் கடைசிவரை இறங்கி வரவில்லை.
பதினைந்து நாளாகச் சிரித்த தாடை.
வந்தவர்களுக்கெல்லாம்
"இன்னும் கொஞ்சம்" சொன்ன தாடை.

மனம் வாசலிலேயே நின்று
பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தது.
பக்கத்து வீட்டு நர்கிசாவிடம் வாங்கியது
பன்னிரண்டு முள்கரண்டி.
திருப்பிக் கொடுக்க இருப்பது பதினொன்று.
குப்பையோடு போயிருக்குமோ?
ஜும்பெர் மச்சான் பையில்?

அவர்தான் மேசைத் தலைவர்.
அமைதிக்கு ஒரு கோப்பை, இறந்தவர்களுக்கு ஒன்று,
பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று.
பதினேழாவது கோப்பையில் என் நினைவு வந்தது.
"இந்த வீட்டு லமாராவுக்கு!"
கையில் மாவோடு ஓடி வந்தேன்.
இருபத்தாறு பேரும் எனக்காக எழுந்து நின்றார்கள்.
காலியான நாற்காலிகள் இருபத்தாறு.
ஒன்றில் உட்காரச் சொல்ல
யாருக்கும் தோன்றவில்லை.
எனக்கும்தான்.

"வா, படு," என்றாள் சியுரி.
கல் மேடை வெதுவெதுப்பாக இருந்தது.
முரட்டு உறையைக் கையில் மாட்டிக்கொண்டு
"எந்தத் தோள்?" என்றாள்.
"எதுக்கு?"
"வால்நட் அரைத்த தோள்."
நான் சொல்லுமுன் கட்டைவிரல்
அதைக் கண்டுபிடித்துவிட்டது.

தேய்க்கத் தேய்க்கத்
தோல் சுருள் சுருளாக உருண்டு வந்தது.
பண்டிகைக்கு வாங்குவோமே,
கொட்டைமரக் கிளையைச் சீவிச் சீவிச் செய்த
வெள்ளைத் தாடி மரம், அதன் சீவல்கள்போல.
அதைப் பத்தொன்பதாம் தேதிக்குள் எரித்துவிடுவோம்,
வருடத்தின் பீடையெல்லாம் அதோடு போகுமென்று.
என் பீடை சாம்பல் நிறத்தில்
சாக்கடைக் குழி நோக்கி மிதந்து போனது.
ஒரு வாளி வெந்நீர்.
இன்னொரு வாளி.

"திரும்பு," என்றாள்.
திரும்பினேனா என்று தெரியவில்லை.

கண் விழித்தபோது
குவிமாடத் துளி ஒன்று நெற்றியில் சொட்டியது.
தாடை தொங்கிக் கிடந்தது,
வாய் பிளந்து, ஓரத்தில் எச்சில்.
யார் பார்த்தால் என்ன.

சியுரி குளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.
கால்கள் நீருக்குள்,
உறை மாட்டிய கை மடியில்.
"விடுமுறையில் நாளுக்குப் பதினெட்டு முதுகு,"
என்றாள், என்னிடம் இல்லை, நீரிடம்.
"உன்னை யார் தேய்ப்பார்கள்?" என்று கேட்டேன்.
சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
சோப்பு நுரையை வழித்து
அவள் பின்கழுத்தில் வைத்தேன்.
எனக்கு இது தெரியாது.
மாவு பிசையத் தெரியும்,
அந்த அழுத்தத்தில் பிசைந்தேன்.
"மெதுவாக," என்றாள். "நான் ரொட்டி இல்லை."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்:
நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம்.

பத்து நிமிடம் நிறைய.
முள்கரண்டி எங்கேயாவது இருக்கும்.