மீதிக் கரன்ட்

செவ்வாய்ப்பேட்டை தஸ்தகீர் பாய் குடோனில்
எடைக்குப் போகக் கிடந்தது அது.
மூன்று எச்பி மோனோபிளாக்.
கொண்டலாம்பட்டிப் பக்கம் ஏதோ கிணறு வற்ற
வேலையிழந்து வந்திருந்தது.
நாலாயிரத்து முந்நூறு என்றார்.
காயில் நானே கட்டிக்கொள்கிறேன் என்றதும்
முந்நூறை விட்டார்.

சின்னக்காளிக்கு நம்பிக்கை வரவில்லை.
"கரன்ட்டு குடிக்கிற மிஷினைக் காட்டி
கரன்ட்டு கறக்கும்கிறீங்க."
மிளகு விற்ற குழுப்பணம்
மஞ்சள் பைக்குள், பை மடிக்குள்.

வாரியத்து எஸ்டிமேட்டையும் அவளே காட்டினாள்.
முப்பத்தொரு கம்பம்.
காட்டுக்குள் கம்பம் நட ஒரு கையெழுத்து;
அந்தக் கையெழுத்தோ
வேறொரு காட்டுக்குள்.

நான் சொன்னேன்:
இத்தனை நாள் இவன் தண்ணீரைத் தள்ளினான்.
தண்ணீர் இவனைத் தள்ளினால்
பின்னோக்கிச் சுற்றுவான்.
கெப்பாசிட்டர் ஒரு பக்கம் ஒன்று,
மறுபக்கம் இரண்டு.
வேறு வித்தை இல்லை.

மாரமங்கலம் வரை ஜீப்.
அதற்கப்பால் மூங்கிலில் கட்டி, நாலு தோள்.
சில்வர் ஓக் வரிசைக்கு மேலே ஓடையை மறித்து
பன்னிரண்டு ஆள் உயரத்திலிருந்து
குழாயில் இறக்கினோம்.
மோட்டார் சுற்றியது.
பல்ப் எரியவில்லை.

இரும்புக்குள் கொஞ்சம் காந்தம் மிஞ்சியிருக்க வேண்டும்,
பழைய ஞாபகம் மாதிரி.
வழிக் குலுக்கலில் அதுவும் போயிருந்தது.
யாருடைய பைக் பேட்டரியையோ கழற்றி
ஒரு நொடி தொட்டு எடுத்தேன்.

பதினான்கு வீடு, வீட்டுக்கு இரண்டு பல்ப்.
கைதட்டல் எல்லாம் இல்லை.
சுவரில் எவ்வளவு கரி என்று
அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.
மறுநாள் பாதி ஊர்
காப்பிக் காட்டுக்குப் போகாமல்
சுண்ணாம்பு வாங்க ஏற்காடு போனது.

ஒன்பதாம் நாள் போன்.
"செத்துப் போச்சுங்க."
இருபது கொண்டை ஊசி ஏறிப் போனேன்.
மிஷினுக்கு ஒன்றுமில்லை.
பாரம் தாங்காமல்
மறுபடி எல்லாவற்றையும் மறந்திருந்தது.
யாரோ எதையோ சொருகியிருக்கிறார்கள்.

யார் என்று ஊருக்கே தெரியும்.
யாரும் சொல்லவில்லை.
தீர்த்தான்தான் கடைசியில்
துண்டுக்குள் சுற்றி எடுத்து வந்தான்:
தண்ணீர் சுட வைக்கிற கம்பி, ஆயிரம் வாட்.
வனரோஜாவுக்குப் பிள்ளை பிறந்து
பதினோரு நாள்.
மார்கழிக் குளிர்.
விறகு நனைந்து கிடக்கிறது.

அபராதம் என்றது ஒரு குரல்.
கம்பியைப் பூட்டி வை என்றது இன்னொன்று.
சின்னக்காளி என் பெட்டியைப் பார்த்தபடி கேட்டாள்:
"ராவுல எல்லாரும் வெளக்கணைச்சா
அந்தக் கரன்ட்டு எங்க போவுது?"

ஓடைக்குத்தான், என்றேன்.
மோட்டாருக்குப் பாரம் குறையக் கூடாது.
மீதியை ஒரு ஹீட்டர் சுருளுக்குத் தள்ளி
வாய்க்கால் தண்ணீரில் முக்கி வைத்திருக்கிறேன்.
எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறோம்.

"ராவெல்லாம் ஓடைக்கு வெந்நி வெக்கிறீங்க."

சத்தமே இல்லாமல்தான் சொன்னாள்.
பதினெட்டு வருடம் காயில் கட்டிய கை
பாக்கெட்டுக்குள் போய் ஒளிந்தது.

அன்று மாலையே
இருநூறு லிட்டர் டிரம், மேலே சாக்கு,
ஓரத்தில் ஒரு குழாய்.
விடியும்போது மூடியைத் திறந்தால் ஆவி.
முதல் ரெண்டு குடம் வனரோஜாவுக்கு.
அப்புறம் யார் முந்தியோ அவர்களுக்கு;
அதில் தினமும் சண்டை.
அதற்கு என்னிடம் ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை.

சித்திரையில் ஓடை நூலாகிவிடும்.
வால்வை வாங்கிப் பொருத்தும்போதே
இதைச் சொல்லியிருந்தேன்.
பங்குனி பிறக்கவில்லை, அதற்குள் போன்:
"வெயில்ல வைக்கிற பிளேட்டு
பாய்கிட்ட பழசு இருக்குமா?
எடைக்குப் போடுவாரா, எண்ணிக் குடுப்பாரா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
பின்னால் யாரோ
என் குடம் எங்கே என்று
கத்திக்கொண்டிருந்தார்கள்.